பாக்கெட் கத்தியில் நடுத்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் பையில் கிடக்கும் சின்ன மடக்குக் கத்தியைப் பற்றியது இந்தப் பக்கம். அட்டைப்பெட்டி, ஒட்டு நாடா, கயிறு, பிளாஸ்டிக் பட்டை, எப்போதாவது ஒரு ஆப்பிள். அதன் வேலை அவ்வளவுதான். இதற்கு நடுத்தர ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா, இல்லை கூடுதலாகச் செலவழித்து மேல் ரகத்துக்குப் போக வேண்டுமா? எந்தக் கேள்வியைக் கிளறினாலும் அடியில் இதுதான் கிடக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீட்டத் தெரிந்தவருக்குத் தாராளமாகப் போதும். தீட்டவே மாட்டேன் என்பவருக்கு மேல் ரகம் கொஞ்சம் கூடுதல் அவகாசம் தரும், அவ்வளவே.

நடுத்தரம் என்று எந்த எஃகுகளைச் சொல்கிறீர்கள்?

ஜப்பானின் ஐச்சி நிறுவனத்து ஏயூஎஸ்-8, அதே நாட்டின் தக்கேஃபு நிறுவனத்து விஜி-10, ஸ்வீடனின் சாண்ட்விக் உருவாக்கிய 14சி28என் (அந்தப் பிரிவு இப்போது அலைமா என்ற பெயரில் இயங்குகிறது), அமெரிக்க 154சிஎம், எல்லோருக்கும் பழக்கமான 440சி. இவற்றுக்கு ஒரு படி கீழே 8சிஆர்13எம்ஓவி, 420 வகைகள். ஒரு படி மேலே எஸ்30வி, எம்390 போன்ற பவுடர் எஃகுகள், அதாவது எஃகைத் தூளாக்கி அழுத்தி ஒட்டவைத்துச் செய்பவை.

நடுத்தர ரகத்தில் கார்பன் சுமார் 0.6 முதல் 1.1 சதவீதம் வரை இருக்கும், குரோமியம் 13 முதல் 18 சதவீதம் வரை. உருக்கி, வார்த்து, உருட்டித் தகடாக்கும் பழைய முறையில்தான் இவை தயாராகின்றன.

இந்த வரிசை நிலையானதும் இல்லை. 154சிஎம் ஜெட் எஞ்சின் பாகங்களுக்காகப் பிறந்த எஃகு. 1970களில் பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் அதைக் கத்திக்குக் கொண்டுவந்தபோது அதைவிட உயர்ந்த ரகம் இல்லை என்றார்கள். எஃகு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மேலே புதுசு புதுசாக வந்து சேர்ந்ததால் அது நடுவுக்கு இறங்கிவிட்டது.

பாத்திரம் செய்யும் எவர்சில்வரும் இதுவும் ஒன்றா?

இல்லை. பாத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட வகை. அதில் கார்பன் மிகக் குறைவு, அதனால் சூடாக்கித் தோய்த்தாலும் கடினமாகாது. கத்தி எஃகில் போதிய கார்பன் இருப்பதால் அது கடினமாகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, துருவைத் தாங்கும் சக்தி பாத்திரத்தைவிடக் குறைந்துபோவது. கழுவிக் கவிழ்க்காமல் சிங்கில் ஒரு வாரம் கிடந்தாலும் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே கவனிப்பைக் கத்திக்குக் கொடுத்தால் புள்ளி விழும்.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தும் துரு வருமா?

வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான்.

எஃகில் கரைந்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலம் கட்டுகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினால் உடனே திரும்பக் கட்டிக்கொள்ளும். உப்பில் இருக்கும் குளோரைடுதான் இந்தப் படலத்தின் எதிரி. அது படலத்தை ஆங்காங்கே துளைக்கும், அங்கே ஊசி முனையளவு குழி விழும். பாக்கெட் கத்திக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்றால், நம் வியர்வையிலிருந்துதான். வெயிலில் நடந்துவிட்டு வந்து கத்தியை அப்படியே பையில் விட்டு வைப்பவர்களுக்குத்தான் முதல் புள்ளி தெரியும்.

‘கரைந்திருக்கும் குரோமியம்’ என்றதைக் கவனியுங்கள். எஃகில் இருக்கும் குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி கார்பனோடு பிணைந்து கார்பைடு என்னும் கடினத் துகளாகிவிடும். அப்படிப் போனது படலம் கட்ட வராது. 14சி28என் எஃகில் குரோமியம் 14 சதவீதம்தான், ஆனால் கார்பன் 0.62 சதவீதமே. கூடவே 0.11 சதவீதம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார்கள். 440சி எஃகில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், கார்பனும் ஒரு சதவீதத்தை ஒட்டி. எண்ணை மட்டும் பார்த்தால் 440சிதான் ஜெயிக்க வேண்டும். நடைமுறையில் 14சி28என் வியர்வையை நன்றாகவே தாங்குகிறது. அட்டையில் அச்சடித்த குரோமியச் சதவீதத்தை வைத்துத் துருவைக் கணிக்காதீர்கள்.

துரு முதலில் எங்கே வரும்?

கண்ணுக்குப் படாத இடத்தில். கத்தியை மடக்கி வைத்தால் ஈரம் தங்கும் இடங்களான ஆணி சுற்றும் பகுதி, கைப்பிடிக்குள் இருக்கும் எஃகுத் தகடு, அடிப்பாகம் பூட்டில் உட்காரும் இடம். அப்புறம் லேசரால் எழுதிய பெயர். லேசரின் சூடு அந்த இடத்து மேற்பரப்பைக் கெடுத்துவிடுவதால் சில கத்திகளில் முதல் பழுப்பு நிறம் நிறுவனத்தின் பெயருக்குள்ளேயே எட்டிப்பார்க்கும்.

மேற்பரப்பை எப்படி முடித்திருக்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். பளபளப்பாகத் தேய்த்த பிளேடில் நீர் தங்காது. மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய மங்கல் சாம்பல் பிளேடில் நுண்ணிய பள்ளங்கள் நிறைய, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உப்பு தங்கும். எஃகு ஒன்றேயானாலும் இந்த இரண்டும் வேறு வேறு கத்தி போல நடந்துகொள்ளும்.

எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் என்ன ஆகும்?

ஏயூஎஸ்-8 பிளேடில் எலுமிச்சைச் சாறு ஓர் இரவு காய்ந்து கிடந்ததைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். பிளேடின் பக்கவாட்டில் ஒன்றுமே இல்லை. தீட்டிய சரிவில் மட்டும் சாம்பலும் பழுப்புமாகச் சின்னப் புள்ளிகள், ஓரத்தை ஒட்டி வரிசையாக. துணியால் துடைத்ததும் நிறம் போய்விட்டது. ஆனால் முந்தைய நாள் காகிதத்தைச் சத்தமில்லாமல் பிளந்த விளிம்பு இப்போது பாதி வழியில் திக்கித் திக்கிக் கிழித்தது. இடையில் அது எதையும் வெட்டவில்லை.

கூர் விளிம்பின் நுனி ஒரு மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் கண்ணுக்கே தெரியாத அரிப்பு, அந்த நுனியில் நடந்தால் கூரைத் தின்றுவிடும். ‘வெட்டாமலேயே மழுங்கிப்போச்சு’ என்று சிலர் சொல்வது கற்பனை இல்லை. பழம் நறுக்கினால் தண்ணீரில் அலசி, துடைத்து, திறந்தபடியே சில நிமிடம் காயவிட்டு மடக்குங்கள். போதும்.

கூர் எவ்வளவு நாள் நிற்கும்?

நாள் கணக்கில் சொல்ல முடியாது. எதை வெட்டுகிறீர்கள், எந்தக் கோணத்தில் தீட்டியிருக்கிறீர்கள், எதைக் கூர் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

மூன்றாவதிலிருந்து தொடங்குவோம். கை முடியை மழிக்கும் கூர் ஒன்று, கயிற்றையும் அட்டையையும் இழுத்து வெட்டும் வேலைக் கூர் ஒன்று. நடுத்தர எஃகில் முதலாவது சீக்கிரமே போய்விடும். ஒரு வீடு மாற்றும் நாளின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மடக்கினால், சாயங்காலம் முடி மழிக்காது. இரண்டாவது வகைக் கூர் அதற்குப் பிறகும் நெடுநாள் நிற்கும். முதல் கூர் போனதுமே ‘இந்த எஃகு மட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பயன்பாட்டில் முக்கியமானது இரண்டாவதுதான்.

அடுத்து, வெட்டும் பொருள். அட்டைப்பெட்டி மென்மையாகத் தெரியும், ஆனால் காகிதத்தில் தாதுப் பொடி கலந்திருக்கும், மறுசுழற்சி அட்டையென்றால் மண்ணும் தூசியும் கூட. அது விளிம்பை மெல்லிய உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. பழம், நூல், பிளாஸ்டிக் உறை எல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. சோதனைச் சாலையிலும் இதே தத்துவம்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா அமைப்பின் இயந்திரம், 5 சதவீதம் சிலிக்கா கலந்த தனி அட்டைக் கட்டைப் பிளேடின் மேல் அழுத்தி, மொத்தம் எவ்வளவு தடிமன் வெட்டுப்பட்டது என்று கூட்டிச் சொல்லும்.

அந்த மாதிரித் தேய்மானத்தில் கார்பைடு அதிகம் உள்ள எஃகு முன்னால் நிற்கும். கான்கிரீட்டில் ஜல்லி இருப்பது போல எஃகுக்குள் இந்தத் துகள்கள் இருக்கின்றன. சுற்றியிருப்பது தேய்ந்தாலும் துகள் தேயாமல் நிற்கும். ஆகவே 440சி, விஜி-10, 154சிஎம் மூன்றும் ஏயூஎஸ்-8, 14சி28என் இரண்டையும்விட அட்டையில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். கொஞ்சம்தான். தீட்டும் கோணத்தை பக்கத்துக்கு 22 டிகிரியிலிருந்து 17 டிகிரிக்கு இறக்கினாலே அந்த இடைவெளி மறைந்துவிடலாம். மெல்லிய விளிம்பு மழுங்கிய பிறகும் வெட்டும். தடித்த விளிம்பு கூராக இருக்கும்போதே தள்ளிக்கொண்டுதான் போகும்.

ஒரே எஃகில் இரண்டு கத்தி வைத்திருக்கிறேன். ஒன்று அருமை, மற்றது குப்பை. எப்படி?

பதம்தான் காரணம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிளேடு வெட்டி எடுத்த நிலையில் எஃகு மென்மையானது. அதை உலையில் ஏறக்குறைய 1050 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் கார்பைடுகளில் ஒரு பகுதி கரைந்து, கார்பனும் குரோமியமும் இரும்புக்குள் பரவும். பிறகு வேகமாகக் குளிரவைத்தால் அணுக்கள் ஒதுங்க நேரமில்லாமல் மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பாக உறைந்துவிடும். கடைசியாக 150 முதல் 200 டிகிரி பக்கத்தில் மீண்டும் சூடாக்கி, நொறுங்கும் தன்மையைக் குறைக்கிறார்கள்.

எங்கே கோணலாகலாம்? எல்லா இடத்திலும். சூடு போதாவிட்டால் கார்பன் கரையாது, பிளேடு மென்மையாகவே நிற்கும். குரோமியமும் கரையாததால் துருவும் சீக்கிரம் வரும். சூடு மிஞ்சினால் ஆஸ்டெனைட் என்ற மென்மையான கட்டம் குளிர்ந்த பிறகும் உள்ளே மிச்சம் இருந்துவிடும். அதனால்தான் நல்ல பட்டறைகள் தோய்த்த கையோடு பூஜ்ஜியத்துக்கு 70 டிகிரி கீழேயோ, திரவ நைட்ரஜனில் அதற்கும் கீழேயோ குளிர்விக்கின்றன. மெதுவாகக் குளிரவிட்டால் குரோமியக் கார்பைடுகள் படிக எல்லைகளில் சேர்ந்து, எஃகு நொறுங்கவும் துருப்பிடிக்கவும் தயாராகிவிடும். கடைசிச் சூட்டை 500 டிகிரிக்குப் பக்கம் கொண்டுபோனால் கடினம் திரும்பக் கிடைக்கும், துருத்தடுப்பு போய்விடும்.

ஒரு உலையில் ஒரே நேரத்தில் எத்தனை பிளேடு அடுக்குகிறார்கள், நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒரே சூட்டைப் பார்த்தனவா என்பது வரை இதில் அடங்கும். எந்த எஃகு என்று பிளேடில் பொறித்திருப்பார்கள். இதில் ஒன்றையும் பொறிக்க மாட்டார்கள். ஆகவே நடுத்தர எஃகில் நான் முதலில் பார்ப்பது, இந்த நிறுவனம் இதே எஃகைப் பல வருடமாகக் கையாள்கிறதா என்பதைத்தான். எஃகின் பெயர் அதற்குப் பிறகு.

ராக்வெல் எண் பெரிதாக இருந்தால் நல்ல கத்தியா?

ராக்வெல் எண் எஃகின் கடினத்தைச் சொல்வது. ராக்வெல் சி சோதனையில் வைரக் கூம்பை 150 கிலோ விசையில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். குறைவாக இறங்கினால் எண் பெரிது. நடுத்தர எஃகுகள் பொதுவாக 57 முதல் 61 வரை வரும்.

56க்கும் 60க்கும் வித்தியாசம் கையில் தெரியும். மென்மையானது மடிந்து மழுங்கும், கடினமானது மெல்லிய கோணத்தில் நிற்கும். ஆனால் 59க்கும் 60க்கும் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. சோதனைக்கே ஒரு புள்ளி அளவு பிழை உண்டு, நிறுவனங்களும் ‘58 முதல் 60’ என்று இடைவெளியாகத்தான் தருகின்றன. விக்டோரினாக்ஸின் சுவிஸ் கத்தி 56ல்தான் இருக்கிறது. உலகத்தில் அதிகம் பேர் பையில் இருக்கும் கத்திகளில் ஒன்று அது. பிளேடு மெல்லிசு, தீட்டுவது எளிது. யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சரி, கத்திப் பைத்தியங்கள் சொல்வார்கள்.

புதுக் கத்தி இரண்டு நாளில் மழுங்கிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். தொழிற்சாலையில் கடைசிக் கூரைச் சுழலும் பட்டையில் சில நொடிகளில் போடுகிறார்கள். தண்ணீர் விடாமல் அழுத்தினால் நுனி மட்டும் சூடேறி, கொடுத்த பதம் அங்கே கொஞ்சம் இறங்கிவிடும். தவிர, தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய உலோகப் பிசிரைச் சரியாக எடுக்காவிட்டால், அது நுனியில் நின்றுகொண்டு கூர் போல நடிக்கும். முதல் அட்டையிலேயே அது மடங்கிவிடும். கையால் இரண்டு மூன்று முறை தீட்டி அடியில் இருக்கும் நல்ல எஃகை எட்டிய பிறகு தீர்ப்பு சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால், ஆமாம், பதம் சரியில்லை.

விளிம்பு மடிந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளக்குக்கு அடியில் கூர்ப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. அங்கே ஒன்றுமே தெரியக்கூடாது. வெள்ளைக் கோடாக மின்னினால் அந்த இடம் மழுங்கியோ மடிந்தோ இருக்கிறது. பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் எடையே கொடுக்காமல் விளிம்பை வழுக்கவிடுங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் தட்டினால் மடிப்பு. குறிப்பிட்ட இடத்தில் ‘டிக்’ என்று நகம் மாட்டினால் உடைந்த பல்.

நடுத்தர எஃகுகளில், குறிப்பாக 14சி28என், ஏயூஎஸ்-8 இரண்டிலும், பெரும்பாலும் மடிப்புதான். கார்பைடுத் துகள்கள் சின்னவை, குறைவானவை. அதனால் விரிசல் தொடங்க இடம் குறைவு. 14சி28என் எஃகின் மூதாதை 13சி26, சவர பிளேடு எஃகு. அந்த மென்துகள் அமைப்பு அங்கிருந்து வந்தது. 440சி, 154சிஎம் கொஞ்சம் பெரிய துகள் உள்ளவை. மிகக் குறைந்த கோணத்தில் தீட்டி எலும்பிலோ கம்பியிலோ பட்டால் பல் விழும். பையில் போட்டுக்கொள்ளும் கத்திக்கு மடிவது எனக்குப் பிடித்த குறை. உடைந்ததைச் சரிசெய்ய எஃகைத் தேய்த்துத் தீர்க்க வேண்டும். மடிந்தது நாலு இழுப்பில் நிமிரும்.

எந்தக் கல் வாங்க வேண்டும்? எப்படித் தீட்டுவது?

நடுத்தர எஃகின் பெரிய சௌகரியமே இங்கேதான். சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல் போதும். சொரசொரப்பு எண் (கிரிட்) 400ஐ ஒட்டி ஒன்று, 1000ஐ ஒட்டி ஒன்று இருந்தால் வேறெதுவும் தேவைப்படாது; எண் பெரிதானால் கல் மென்மையானது. மேல் ரகத்தில் இருக்கும் வனேடியம் கார்பைடு அந்தக் கல்லைவிடக் கடினமானது, அதற்கு வைரத் தட்டு வைத்துக்கொள்வது நல்லது. நடுத்தர எஃகில் அந்தத் தொல்லை இல்லை.

முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை, பொறுமைதான். விளிம்புச் சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேல் பக்கம் மட்டும் போயிருந்தால் கோணம் தாழ்வு, நுனியில் மட்டும் போயிருந்தால் கோணம் உயரம். முழுதாகப் போகும் கோணம் கிடைத்ததும் அதையே பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் தீட்டுங்கள், எதிர்ப்பக்கத்தில் பிசிர் எழும்பும்வரை. பிசிர் எழும்பியதை விரல் நுனியால் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் உணரலாம், மெல்லிய உதடு மாதிரி மாட்டும். அடிமுதல் நுனிவரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். முனைக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

பிறகு மறுபக்கம். அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரைச் சின்னதாக்குங்கள். ஏயூஎஸ்-8 போன்றவற்றில் பிசிர் பிடிவாதமானது: இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும், உதிராது. கடைசி ஓரிரு இழுப்பைக் கோணத்தைக் கொஞ்சம் உயர்த்தி, இறகு படும் அழுத்தத்தில் கொடுத்தால் அறுந்து போகும். பிறகு தோல் பட்டையில் நாலைந்து முறை இழுத்தால் வேலை முடிந்தது.

வாரத்துக்கு ஒருமுறை செராமிக் கம்பியில் சில இழுப்பு கொடுத்துவந்தால் கல்லை எடுக்க வேண்டிய நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இழுத்தால் தீட்டிவிடும் என்று விற்கும் வி வடிவக் கருவிகளைக் கைவசம் வேறெதுவும் இல்லாதபோது மட்டும் தொடுங்கள். அவை எஃகைச் சீவி எடுக்கின்றன, விளிம்பைக் கிழித்தும் விடுகின்றன.

பவுடர் எஃகுக்கு மாறினால் என்ன கிடைக்கும்?

அட்டையிலும் கயிற்றிலும் கூர் தெளிவாகவே அதிக நேரம் நிற்கும், இதில் சந்தேகமில்லை. உருகிய எஃகைத் தூளாகத் தெளித்து, அந்தத் தூளை அழுத்தத்தில் ஒட்டவைப்பதால் கார்பைடு நிறைய இருந்தும் துகள் சின்னதாகவே இருக்கும். 2001ல் வந்த எஸ்30வி எஃகில் 4 சதவீத வனேடியம் உண்டு. தினமும் பெட்டி பிரிப்பதே தொழிலாக இருப்பவர் வித்தியாசத்தை உணர்வார்.

நாளைக்கு இரண்டு பார்சல் பிரிப்பவர் உணர மாட்டார். வாங்கும்போது சந்தோஷப்படுவார், மழுங்கும்போது தீட்டத் தெரியாமல் வைத்திருப்பார். கையில் இருக்கும் கத்தியைத் தீட்டக் கற்றுக்கொண்ட பிறகு மேல் ரகம் வாங்குங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. பாதிப் பேர் அதற்குப் பிறகு வாங்குவதில்லை.

டி2 இந்த வரிசையில் வருமா? அதே விலையில் கிடைக்கிறதே.

விலையில் பக்கத்து வீடு, குணத்தில் வேறு. டி2 அச்சுக் கருவிகள் செய்யும் எஃகு. குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும் கார்பன் 1.5 சதவீதம். குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பைடு விழுங்கிவிடுவதால் அதை முழு ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல முடியாது. கூர் நன்றாக நிற்கும், வியர்வையில் புள்ளி விழும், துகள்கள் பெரியவை. துடைக்கும் பழக்கம் உள்ளவர், உலர்ந்த வேலை செய்பவர் தாராளமாக வாங்கலாம். பழம் நறுக்குபவர் 14சி28என் பக்கம் வருவது நல்லது.

காந்தம் ஒட்டுகிறது. போலி ஸ்டெயின்லெஸ்ஸா?

இல்லை. கடினமாகும் ஸ்டெயின்லெஸ் எல்லாமே காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கருப்புப் பூச்சு பூசியது துருவைத் தடுக்குமா?

பக்கவாட்டைத் தடுக்கும். கூர் விளிம்பில் பூச்சு இருக்காது, ஆணிக்குள்ளும் தேய்ந்துவிடும். ஆக, துரு வரும் இரண்டு முக்கிய இடங்களும் திறந்தே இருக்கின்றன. அழகுக்காக வாங்கினால் சரி. அட்டைப்பெட்டியில் சீக்கிரம் கீறல் விழுந்து பூனை பிறாண்டியது மாதிரி ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

புள்ளி விழுந்துவிட்டது. என்ன செய்ய?

வெறும் நிறமாற்றம் என்றால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் தேயுங்கள், போய்விடும். குழி விழுந்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு பிளேடின் கோடுகள் போகும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அந்தத் தழும்பு காலத்துக்கும் நிற்கும். குழியின் அடி கருப்பாகவே இருக்கும், அது பரவாயில்லை. துருவைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிவிட்டால் பரவாமல் நின்றுவிடும். பிளீச் உள்ள கிளீனர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள், அதில் இருப்பதும் குளோரின்தான்.

எண்ணெய் அடிக்கடி போட வேண்டுமா?

பிளேடுக்கு வேண்டியதில்லை, துடைத்தாலே போதும். ஆணி சுற்றும் இடத்தில் ஒரே சொட்டு, கத்தி இறுகும்போது. அதிகம் விட்டால் பையிலுள்ள தூசியெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து கருப்பு விழுதாகிவிடும். உணவு நறுக்கும் கத்தி என்றால் உணவுத் தரக் கனிம எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துக் கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும்.

கடல் பக்கம் வேலை. நடுத்தர எஃகு தாங்குமா?

தினமும் நல்ல தண்ணீரில் அலசினால் 14சி28என் சமாளிக்கும். அலச முடியாத வேலை, படகிலேயே வாசம் என்றால் கார்பனுக்குப் பதில் பெரும்பாலும் நைட்ரஜனால் கடினமாகும் எல்சி200என் போன்றவற்றைப் பாருங்கள். அங்கே நடுத்தர எஃகைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

முனை உடைந்துவிட்டது. கத்தியைத் தூக்கிப்போடலாமா?

இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் போயிருந்தால் வேண்டாம். முதுகுப் பக்கத்திலிருந்து கரடுமுரடான கல்லில் தேய்த்து, முதுகை இறக்கி, இருக்கும் கூர் விளிம்போடு சேர்த்துவிடுங்கள். கூர்ப் பக்கத்திலிருந்து தேய்த்தால் முனை மேலே ஏறி, மடக்கும்போது கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பையில் கைவிடும்போது குத்தும். மின்சாணையில் செய்தால் சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுங்கள், வெறும் கையால் பிடித்திருங்கள். கை தாங்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். முனை நீலமாகிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, நீலம் தேய்ந்து தீரும்வரை அங்கே கூர் நிற்காது.

தீட்டித் தீட்டிப் பிளேடே தேய்ந்துவிடாதா?

கல்லில் அளவாகத் தீட்டினால் பல வருடத்துக்குத் தேய்மானம் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் கவனிக்கப்போவது வேறொன்று. பிளேடு முதுகுப் பக்கம் தடித்து, விளிம்பை நோக்கி மெலிவது; தேயத் தேய விளிம்பு தடித்த பகுதிக்கு ஏறுகிறது. கல்லில் எடுத்த கூர் காகிதத்தை அழகாகப் பிளக்கும், ஆனால் அட்டையில் ஆப்பு மாதிரி மாட்டும். அந்த நிலைக்கு வந்தால் கோணத்தைத் தாழ்த்திப் பிடித்து, விளிம்புக்குப் பின்னால் உள்ள சதையை 400 கல்லில் கொஞ்சம் இறக்குங்கள். கூர் விளிம்புக்கு நேர் மேலே தடிமன் அரை மில்லிமீட்டருக்குள் வந்தாலே வெட்டு பழையபடி ஓடும். பிளேடின் பக்கவாட்டில் கீறல் விழும். அது பிடிக்காதவர்கள் மேலே ஒட்டு நாடா ஒட்டிக்கொண்டு செய்யலாம்.